விடுபட்ட சொல்: கிராண்ட் லீக்கு எழுதிய கடிதத்துக்கு ஒரு விளக்கவுரை

நான்கு ஆண்டுகள் நடந்து, ஆறு லட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் குடித்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவைத் தொடங்கி வைத்தது ஒரு சிறிய கடிதம். வடக்கின் தலைமைத் தளபதி யுலிசீஸ் கிராண்ட், தெற்கின் தளபதி ராபர்ட் லீக்கு எழுதியது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய இருநூறு சொற்கள். எழுதியவரும் பெறுபவரும் ஒரே அறையில் சில அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு வரியில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அங்கே வந்திருக்க வேண்டிய, வராத சொல்லையும் தேடுவார்கள். எச்சம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்தக் கடிதத்தில் இரண்டு எச்சங்கள் இருக்கின்றன. ஒன்றை லீயே கண்டுபிடித்து அங்கேயே சேர்த்தார். இன்னொன்றை அந்த அறையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. அடிமை என்ற சொல் இந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. இந்த உரை அந்த இரண்டு எச்சங்களுக்காகவும் எழுதப்படுகிறது.

இடமும் நாளும்

அப்பமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ், வர்ஜீனியா, 1865 ஏப்ரல் 9 என்று கடிதம் தொடங்குகிறது. நீதிமன்றக் கட்டடத்தில் லீ சரணடைந்தார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கோர்ட் ஹவுஸ் என்பது அந்தச் சிற்றூரின் பெயரிலேயே ஒரு பகுதி. வர்ஜீனியாவில் வட்டாரத் தலைமையிடமாக இருந்த ஊர்களுக்கு அப்படிப் பெயர் இடும் வழக்கம் இருந்தது. அன்று குருத்தோலை ஞாயிறு. உண்மையான நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. சந்திப்பு நடந்தது வில்மர் மக்லீன் என்பவரின் வீட்டு முன்னறையில்.

இந்த மக்லீனைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் ஒரு செய்தி வரும். 1861 ஜூலையில் போரின் முதல் பெருஞ்சமர் மனாசஸில் நடந்தபோது அவருடைய பண்ணைதான் போர்க்களத்துக்குள் இருந்தது. பிறகு தெற்கே இடம்பெயர்ந்து இந்த ஊருக்கு வந்தார். போரும் இங்கே வந்து சேர்ந்தது. வியப்பான தற்செயல்தான். ஆனால் அந்த வீட்டின் பின்புறத்தில் சமையல்கட்டும் அடிமைகளின் குடியிருப்பும் இருந்தன என்பதை அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. முன்னறையில் நடந்த பேச்சில் வராதவர்கள் பின்கட்டில் இருந்தார்கள்.

விளி

கடிதம் லீயை ஜெனரல் என்று அழைக்கிறது. சட்டப்படி பார்த்தால் இது சலுகை. அமெரிக்க ராணுவத்தில் லீ கடைசியாக வகித்த பதவி கர்னல். ஒன்றியத்தின், அதாவது வடக்கின், படைக்குத் தலைமை ஏற்க 1861 ஏப்ரலில் அவரை அழைத்தார்கள். மறுத்துவிட்டு, 20ஆம் தேதி பதவி விலகி, பிரிந்துபோன தன் மாநிலமான வர்ஜீனியாவோடு நின்றார். தெற்கு தந்த ஜெனரல் பதவியை ஒன்றியம் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனாலும் கிராண்ட் அப்படித்தான் விளித்தார்.

இருவரும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் படித்தவர்கள். மெக்சிகோ போரில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள். அதற்கு மேல் ஒற்றுமை தேடினால் கிடைப்பது அரிது. லீக்கு அப்போது 58 வயது. பழைய வர்ஜீனியக் குடும்பம். அன்று முழுச் சீருடையும் அழகிய வாளுமாக வந்திருந்தார். கிராண்டுக்கு 42 வயது. ஒஹையோவில் தோல் பதனிடுபவரின் மகன். 1854இல் ராணுவத்தை விட்டு, விவசாயத்திலும் வியாபாரத்திலும் தோற்று, போர் வந்த பிறகே மேலே வந்தவர். சேறு படிந்த காலணியோடும், சாதாரணச் சிப்பாயின் சட்டையில் தைத்த தோள்பட்டைச் சின்னத்தோடும் அந்த அறைக்குள் நுழைந்தார்.

இந்தக் காட்சியில் மயங்கி எழுதுவது எளிது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் மயங்கியிருக்கிறார்கள்: இரண்டு கண்ணியமான வீரர்கள், ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்று. எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. இருவரும் எதற்காகப் போரிட்டார்கள் என்ற கேள்வியை அது அழித்துவிடுகிறது.

1860இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதும் தென்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, மொத்தம் 11. ஏன் பிரிகிறோம் என்று மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, அடிமை முறையே தங்கள் நிலைப்பாட்டின் அடிப்படை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். வடக்கு தொடக்கத்தில் அடிமை ஒழிப்புக்காகப் போரிடவில்லை. ஒன்றியத்தைக் காக்கவே போரிட்டது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி என்ற நான்கு அடிமை மாநிலங்கள் அதன் பக்கமே இருந்தன. 1863 ஜனவரி 1 அன்று வந்த விடுதலைப் பிரகடனம்தான் போரின் பொருளை மாற்றியது. தெற்கு எதற்காகப் பிரிந்தது என்பதில் மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை மாற்றமே இல்லை.

தளபதிகளின் சொந்த வாழ்க்கையிலும் இந்தக் கோடு ஓடுகிறது. லீயின் மாமனார் 1857இல் இறந்தபோது, ஏறக்குறைய 190 அடிமைகளை ஐந்து ஆண்டுகளுக்குள் விடுவிக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லீயிடம் வந்தது. விடுதலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டது 1862 டிசம்பர் கடைசியில். இடையில் 1859இல் தப்பியோடிப் பிடிபட்டவர்களில் வெஸ்லி நாரிஸ் ஒருவர். தங்களுக்குக் கசையடி கொடுக்க வைத்து, முதுகுப் புண்ணில் உப்புநீர் ஊற்றவும் லீ உத்தரவிட்டார் என்று நாரிஸ் 1866இல் வாக்குமூலம் தந்தார். கிராண்டும் கறையில்லாதவர் அல்லர். மனைவி வீட்டார் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அவர் கையிலும் வில்லியம் ஜோன்ஸ் என்ற ஒருவர் இருந்தார். ஆனால் 1859 மார்ச்சில், கையில் காசில்லாமல் திண்டாடிய நாளில், நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய அந்த மனிதரை விற்காமல் விடுவித்தார்.

வடக்கு வர்ஜீனியப் படையின் சரணடைவை ஏற்கிறேன் என்பது

பெயரில் வடக்கு இருந்தாலும் இது தெற்கின் படை. வர்ஜீனியாவின் வடபகுதியைக் குறித்த பெயர். வாசகர் குழம்ப வேண்டாம்.

இந்த வரியில் கவனிக்க வேண்டியது, சரணடைவது ஒரு படை மட்டுமே என்பது. தெற்கின் அரசு என்றோ நாடு என்றோ கடிதம் சொல்லவில்லை. அன்று தெற்கின் இன்னொரு தளபதி ஜான்ஸ்டனின் படை வட கரோலினாவில் வடக்கின் தளபதி ஷெர்மனை எதிர்த்து இன்னும் நின்றுகொண்டிருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கிர்பி ஸ்மித்தின் படை இருந்தது. அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்குக் காரணம் இருந்தது. 1865 மார்ச் 3 அன்று கிராண்டுக்கு லிங்கனின் ஆணை வந்தது: லீயோடு சரணடைவையும் சிறு ராணுவ விஷயங்களையும் பற்றி மட்டுமே பேச வேண்டும், அரசியல் கேள்வி எதையும் தொடக்கூடாது, அவற்றை அதிபர் தன் கையில் வைத்திருக்கிறார். கிராண்ட் அந்த எல்லையை மீறவில்லை. அந்த ஏப்ரலில் ஜான்ஸ்டனோடு முதலில் ஒப்பந்தம் செய்த ஷெர்மன், மாநில அரசுகளை ஏற்பது வரை எழுதிவிட்டார்; வாஷிங்டன் அதை நிராகரித்தது. ஆகவே அடிமை என்ற சொல் கிராண்டின் கடிதத்தில் இல்லாததற்கு மறதியோ அக்கறையின்மையோ காரணம் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக் குறிப்பில், அன்று லீயைப் பார்த்துத் தனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அந்த எதிரி நெடுநாள் வீரத்தோடு போராடினார், ஆனால் அவர் போராடிய காரணம் மக்கள் ஆயுதம் ஏந்திய காரணங்களிலேயே மிக மோசமான ஒன்று என்ற பொருளில் கிராண்ட் எழுதினார். தெரிந்தேதான் எழுதாமல் விட்டார்.

பெயர்ப் பட்டியல் இரண்டு படிகளாகத் தயாரிக்கப்பட வேண்டும் என்பது

ஒரு படி வெற்றி பெற்றவர்களுக்கு, ஒன்று தோற்றவர்களுக்கு. 28,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பதிவாயின. ஊர்ச் சத்திரத்தில் அச்சு இயந்திரம் வைத்து, ஆளுக்கொரு பரோல் சீட்டு அச்சடித்தார்கள். பசியோடு நின்ற அந்தப் படைக்கு 25,000 பேருக்கான உணவையும் கிராண்ட் அனுப்பினார்.

பரிமாற்றம் செய்யப்படும்வரை ஆயுதம் எடுப்பதில்லை என்ற வாக்கு

வாக்கு என்பதற்குக் கடிதத்தில் இருக்கும் சொல் பரோல். பரோல் என்றால் சிறைக் கைதிக்குக் கிடைக்கும் விடுப்பு என்றே நமக்கு நினைவு வரும். பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் சொல், வாக்கு. பிடிபட்ட வீரன், மீண்டும் போரிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வீடு திரும்புவான். எதிர்த்தரப்பில் பிடிபட்ட ஒருவனோடு கணக்கில் பரிமாற்றம் ஆனபிறகே அவன் அந்த வாக்கிலிருந்து விடுபட்டு மறுபடி துப்பாக்கி எடுக்கலாம். 1863 ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க் வீழ்ந்தபோது கிராண்ட் ஏறக்குறைய 30,000 பேரை இப்படித்தான் அனுப்பினார்.

இங்கேதான் முதல் எச்சம். கிராண்ட் வேகமாக எழுதும்போது ‘முறையாக’ என்ற சொல்லுக்குப் பின் வரவேண்டிய ‘பரிமாற்றம் செய்யப்படும்வரை’ என்பது விழுந்துவிட்டது. கண்ணாடி அணிந்து நிதானமாக வாசித்து வந்த லீ அந்த இடத்தில் நின்றார். ஒரு சொல் விடுபட்டிருக்கிறதே என்றார். எழுதியதாகவே நினைத்தேன் என்றார் கிராண்ட். லீ பென்சில் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் குறியிட்டார்.

ஒரு சொல் போனால் சட்டப் பொருள் என்னாகும் என்று தெரிந்த கூர்மையான வாசகர் லீ. அந்தக் கூர்மையை மதிக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவரோடு ஒரு பழைய கணக்கு உண்டு.

கறுப்பின வீரர்களை ஒன்றியம் படையில் சேர்க்கத் தொடங்கியதும், அவர்கள் பிடிபட்டால் போர்க் கைதிகளாக ஏற்கமாட்டோம் என்று தெற்கின் அரசு அறிவித்தது. கைதிப் பரிமாற்றம் அதனால் முறிந்தது. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் தெற்கின் தளபதி பாரஸ்டின் படை, சரணடைய முயன்ற கறுப்பின வீரர்களைக் கொன்று குவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் லீயே கிராண்டுக்கு எழுதினார்: ஆளுக்கு ஆள் என்று கைதிகளை மாற்றிக்கொள்வோம். கிராண்ட் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. கறுப்பின வீரர்களும் மற்றவர்களைப் போலவே பரிமாறப்படுவார்களா? எங்கள் குடிமக்களுக்குச் சொந்தமான நீக்ரோக்கள் பரிமாற்றத்துக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் லீயின் பதில் வந்தது. கிராண்ட் மறுத்துவிட்டார். பரிமாற்றம் முறிந்ததன் விலை பெரிது. ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மட்டும் ஏறக்குறைய 13,000 வடக்கு வீரர்கள் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். மறுப்புக்கு ராணுவக் கணக்கும் ஒரு காரணம்; விடுவிக்கப்படும் தென்வீரன் திரும்பக் களத்துக்கு வருவான் என்பது கிராண்டுக்குத் தெரியும். ஆனால் லீயிடம் அவர் வைத்த கேள்வி, தன் சீருடையை அணிந்த ஒருவனை அடிமை என்று பிரித்து வைக்க முடியுமா என்பதுதான்.

ஆறு மாதம் கழித்து, தன் வீரர்களுக்காக அதே சொல்லைச் சேர்க்கச் சொன்னார் லீ. சேர்க்கப்பட்டது. இந்த இடத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் என் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று காலை லீயின் படை தப்பிச் செல்லக் கடைசியாக முயன்றது. குதிரைப் படையைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறியபோது, எதிரே காலாட்படை அணிவகுத்து நிற்பதைக் கண்டது. இரவெல்லாம் நடந்து வந்திருந்த அந்தப் படையில் கறுப்பின வீரர்களின் ரெஜிமெண்டுகளும் இருந்தன. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,79,000 கறுப்பினத்தவர் ஒன்றியத்தின் தரைப்படையில் சேர்ந்திருந்தார்கள். லீ பேனா எடுப்பதற்குக் காரணமானவர்களில் அவர்களும் அடக்கம்.

ஆயுதமும் பொதுச் சொத்தும் ஒப்படைக்கப்படும்; அதிகாரிகளின் இடைவாளும் சொந்தக் குதிரையும் மூட்டையும் அதில் சேரா என்பது

லீ தன் வாளை நீட்டினார், கிராண்ட் வாங்கித் திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கற்பனை என்று கிராண்டே மறுத்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது தேவையில்லாமல் அவமானப்படுத்துவானேன் என்று தோன்றி, இந்த வரியைச் சேர்த்தார். அவ்வளவுதான்.

குதிரைகளைப் பற்றி லீ ஒரு செய்தி சொன்னார். எங்கள் படையில் குதிரை வீரர்களும் பீரங்கி வீரர்களும் தங்கள் சொந்தக் குதிரைகளையே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். கடிதத்தின்படி சிப்பாய்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கிராண்ட் சற்று யோசித்தார். இவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், விதைக்கும் பருவம், குதிரை இல்லாமல் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டமாட்டார்கள். கடிதத்தை மாற்றவில்லை. குதிரையோ கோவேறு கழுதையோ தன்னுடையது என்று சொல்பவன் கொண்டுபோகட்டும் என்று அதிகாரிகளுக்கு வாய்மொழியாகச் சொல்வதாக வாக்களித்தார். அது அப்படியே நடந்தது.

இந்த வரி முழுவதும் சொத்தைப் பற்றியது. எது அரசின் சொத்து, எது தனியார் சொத்து என்று பிரிக்கிறது. தெற்கின் சட்டத்தில் மனிதர்களும் சொத்துதான். லீயின் படையோடு அகழி வெட்டவும், வண்டி ஓட்டவும், சமைக்கவும் அடிமைகள் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். 1863இல் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது அதே படை, அங்கே சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவரையும் பிடித்துத் தெற்கே கொண்டுபோனது. அப்படியானால், துப்பாக்கி, பீரங்கி, குதிரை, மூட்டை என்று எண்ணும் இந்த வரியில் அவர்கள் எங்கே வருவார்கள்?

எங்கும் வரமாட்டார்கள், விடுதலைப் பிரகடனத்தின்படி அவர்கள் ஏற்கெனவே சுதந்திர மனிதர்கள், அதனால் சொல்லத் தேவையில்லை என்று பதில் தரலாம். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று மாலை சிப்பாயின் கையில் கிராண்டின் சீட்டு இருந்தது. வண்டி ஓட்டி வந்த அடிமையின் கையில் எந்தத் தாளும் இல்லை. அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம் ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தாலும், மாநிலங்களின் ஒப்புதல் முழுமையானது டிசம்பர் 6 அன்றுதான்.

குதிரை விஷயத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு ஆணை உண்டு. அந்த ஜனவரியில் ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கி எழுத்தில் உத்தரவிட்டார். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் அதைப் புரட்டி, நிலத்தைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். கிராண்ட் வாயால் சொன்னது லீயின் சிப்பாய்க்குக் கிடைத்தது. ஷெர்மன் எழுதிக் கொடுத்தது நிலத்தை உழுதவர்களிடம் தங்கவில்லை.

வீடு திரும்பலாம்; வாக்கையும் வாழும் இடத்துச் சட்டத்தையும் காக்கும்வரை தொல்லை இராது என்பது

கடிதத்தின் கனமான வரி இது. வெறும் அனுமதியாகத் தெரிந்தாலும், ராஜத்துரோக வழக்கிலிருந்து காக்கும் கவசம் இதற்குள் இருக்கிறது. 1865 ஜூனில் நார்போக்கில் லீ மீது அந்த வழக்குத் தொடங்கியது. அவர் கிராண்டுக்கு எழுதினார். கிராண்ட் அதிபர் ஜான்சனிடம் போய், நான் கொடுத்த வாக்கு இது, அவர்கள் மீறாதவரை கைது செய்ய முடியாது, செய்தால் பதவி விலகுவேன் என்று நின்றார். வழக்கு நகரவில்லை. லீ லெக்சிங்டனில் கல்லூரித் தலைவராகி, 1870இல் இறந்தார்.

கவசம் ஒரு பாதி. மறுபாதி நிபந்தனை: சட்டத்தைக் காக்க வேண்டும். எந்தச் சட்டம்? அந்த ஆண்டு முடிவதற்குள் மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் புதிய சட்டங்கள் இயற்றின. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவர் நாடோடிக் குற்றத்துக்குக் கைதாகலாம். அபராதம் கட்டமுடியாவிட்டால் வெள்ளையரிடம் வேலைக்கு விடப்படலாம். வாழும் இடத்துச் சட்டம் என்று கிராண்ட் எழுதிய சொல், தோற்றவர்கள் கையில் இப்படி ஆனது. சட்டத்துக்கு வெளியே, வெள்ளையரின் வன்முறைக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளான் இரவில் வந்தது. பில்லோ கோட்டையின் பாரஸ்ட் அதன் தலைவர்களில் ஒருவரானார்.

கிராண்ட் தன் வரியின் இரண்டாம் பாதியை மறக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அதிபரான பின், 1871 அக்டோபரில், தென் கரோலினாவின் ஒன்பது வட்டாரங்களில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, க்ளான் ஆட்களைப் படையை அனுப்பிப் பிடித்தார். வாக்கை மீறியவனுக்குத் தொல்லை வரும் என்று அப்பமாட்டாக்ஸில் எழுதியதன் நீட்சியாகவே இதை நான் வாசிக்கிறேன்.

லீயோ மறுநாளே வேறொரு தாளில் வேறொரு கதையைத் தொடங்கி வைத்தார். உதவியாளர் சார்லஸ் மார்ஷல் எழுதி, லீ கையெழுத்திட்ட பிரியாவிடை ஆணை, எண்ணிக்கையும் வளமும் மிகுந்த எதிரிக்கு முன் விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்றது. அதிலும் அடிமை என்ற சொல் இல்லை. கிராண்ட் சொல்லாமல் விட்டதற்கு லிங்கனின் ஆணை காரணமாக இருந்தது. இங்கே அப்படி ஒரு தடையும் இல்லை. பின்னாளில் தெற்கில் எழுந்த சிலைகளும் பாடப்புத்தகங்களும் இந்த மௌனத்தையே பிடித்துக்கொண்டு வளர்ந்தன.

படியெடுத்தவர்

கையெழுத்துக்கு முன் மையில் நல்ல படி எடுத்தவர் ஈலி பார்க்கர், கிராண்டின் உதவியாளர். செனெக்கா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தும், பழங்குடியினர் குடிமக்கள் அல்லர் என்பதால் வழக்கறிஞராக அனுமதி மறுக்கப்பட்டவர். குடியுரிமை இல்லாதவரின் அழகான கையெழுத்தில்தான், துரோகம் செய்தவர்கள் வீடு திரும்பும் உரிமை எழுதப்பட்டது.

பட்டியலில் இல்லாத பெயர்

அன்று காலை துப்பாக்கிகள் ஓய்வதற்குச் சற்று முன், ஊருக்கு அருகே கோல்மன் என்னும் மருத்துவரின் வீட்டை ஒரு பீரங்கிக் குண்டு துளைத்தது. உள்ளே இருந்தவர் ஹன்னா ரெனால்ட்ஸ். அந்த வீட்டின் அடிமை. கை சிதைந்தது. அப்பமாட்டாக்ஸ் சண்டையில் பொதுமக்களில் உயிரிழந்தவர் அவர் ஒருவரே. அன்றே இறந்த அடிமை என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னர் கிடைத்த மரணப் பதிவேடு வேறு நாளைக் காட்டியது.

ஏப்ரல் 12 அன்று, லீயின் படை வரிசையாக வந்து, துப்பாக்கிகளை அடுக்கி, கொடிகளைச் சுருட்டி வைத்தது. முன்னால் வந்தவர் தளபதி கோர்டன். வாங்கிக்கொள்ள நின்றவர் தளபதி சேம்பர்லின். அந்த நாளில்தான் ஹன்னா ரெனால்ட்ஸ் இறந்தார். மூன்று நாள் அவர் சுதந்திர மனுஷியாக வாழ்ந்திருந்தார்.